ஐந்து நிமிட வேலை

1

இந்தக் கதை ஒரு படிவத்தை நிரப்ப முடியாமல் பிறந்தது. தேர்வாய் கண்டிகையில் நான் வேலை செய்யும் பிரஸ் ஷாப்பில் ஒரு விபத்து. ஆறாம் நம்பர் பிரஸ்ஸோடு சம்பந்தப்பட்ட எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி, கையெழுத்து போட்டு, நாளை திங்கள்கிழமை காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் போதும் என்றார்கள். நாளை முடிவாகப்போவது ஜெனிபர் என்ற பெண்ணின் வேலைநீக்கம்.

இன்று ஞாயிறு, மதியம் பன்னிரண்டரை. படிவத்தைத் திறந்தேன், மூடினேன், இதை ஆரம்பித்துவிட்டேன். ஒரு பக்கத்தில் அடங்காது என்பதால் அல்ல. ஒரு பக்கத்தில் நன்றாகவே அடங்கும். அதுதான் சிக்கல்.

தொடக்கங்களை முயன்று பார்த்தேன்.

"ஆறாம் நம்பர் பிரஸ் முப்பது வருடப் பழசு, அதன் சத்தம்..." இயந்திரத்தில் ஆரம்பித்தால் குற்றமும் இயந்திரத்தின் மேல் போய்விடும். அடித்தேன்.

"சின்னதுரை அன்று காலை எழுந்தபோது அவருக்குப் பத்து விரல்கள்..." மலிவான வரி. படிக்கிறவரின் வயிற்றைப் பிசைந்து வேலை வாங்குகிற வரி. அடித்தேன்.

"ஜெனிபர் அந்த வரியைத் தட்டவில்லை." இது உண்மை. இதிலேயே ஆரம்பித்திருக்கலாம். ஆனால் அடுத்த வரியில் யார் என்று சொல்லியாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையில் சில வரிகளின் முடிவில் பொருந்தாத வார்த்தை வந்து உட்காரும். திருத்த மாட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

2

பிரஸ் என்பது தகட்டை அச்சில் வைத்து ஒரே அடியில் வடிவம் எடுக்கும் இயந்திரம். அச்சுக்கு எங்கள் வார்த்தை டை. பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஓடும். கை குறுக்கே போனால் பஸ்ஸர் அலறும், பிரஸ் நின்றுவிடும். அதைக் கர்ட்டன் என்போம். டை மாற்றும்போது கர்ட்டனை அணைத்து, ஓரிரு அடி அடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி போட வேண்டும். ஒழுங்கான ஆலையில் இதற்கு ஒரு சாவி இருக்கும், அது பொறுப்பானவர் ஒருவரிடம் இருக்கும். ஆறாம் நம்பரில் இது கம்ப்யூட்டரில் ஒரு வரி. அப்படி இருக்கக் கூடாது. இருந்தது.

அந்த வரிகளை எழுதுவது எடிட்டரில். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண எடிட்டர்தான். இரண்டு எழுத்து தட்டினால், நீ இதைத்தானே சொல்ல வருகிறாய் என்று ஒரு பட்டியலை நீட்டும். அந்தப் பட்டியலை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். எது மேலே வர வேண்டும், எது வரவே கூடாது, எந்த விசையை அழுத்தினால் ஏற்றுக்கொள்ள வேண்டும், எல்லாமே. இன்ஜினியரிங்கை மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு நைட் ஷிப்டுக்கு வந்தவன் நான். எனக்கு முழுதாகத் தெரிந்த பாடம் இது ஒன்றுதான்.

போன செவ்வாய், காலை ஆறு இருபது. என் ஷிப்ட் முடிந்து ஜெனிபரின் ஷிப்ட் தொடங்கும் நேரம். டை மாற்றிப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை, இரவில் என் வேலையும் அதுதான். நான் கிளம்பிவிட்டேன். பை தோளில், ஷூ கையெழுத்து

(இதுதான் நான் சொன்னது. "கையில்" என்று எழுத வந்தவன் "கை"யோடு நிறுத்தி, அடுத்த வரிக்குப் போக என்டர் அடித்தேன். படிவத்தைப் பற்றிச் சொன்னபோது தட்டிய வார்த்தை எடிட்டரின் நினைவில் இருந்தது. முதல் முறை.)

ஜெனிபர் வழியை மறித்தாள்.

"அண்ணா, ஒரு நாளிக்கு நாலு வாட்டி டை மாத்துறேன். நாலு வாட்டியும் அதே பதினோரு லைனு. கை ஒடியுது. நீ மட்டும் இன்னாவோ ரெண்டு எழுத்து தட்டுற, மொத்தமும் வந்து குந்திக்குது. எனக்கும் அப்டி வெச்சுக் குடு."

"பஸ்ஸு போயிடும்."

"போனா ஷேர் ஆட்டோல போ. அஞ்சு நிமிச வேலைக்கு அரை மணி பேசிக்கினு கீற."

உட்கார்ந்தேன். "ரன்செட்" என்று ஒரு சுருக்கம் வைத்தேன். அதை ஏற்றுக்கொண்டால் டை மாற்றும் பதினோரு வரியும் விழும். நாலாவது வரி, கர்ட்டன் ஆஃப்; கடைசி வரி, அடித்துப் பார்க்க ரன். கர்ட்டனை மறுபடி போடும் வரி இதில் இல்லை.

"கீழ தேட உடாதணா. கிளவுஸ மாட்டிக்கினு அம்பு பட்டன அழுத்த வரல. மேல வெச்சுடு."

பட்டியலில் அதை முதலாவதாக வைத்தேன்.

"அப்றம் டேப் பட்டன் செத்துப்போச்சு. டீ ஊத்திக்கிச்சு."

"யாரு ஊத்துனது?"

"டீதான். புதுசு கேட்டு ரெண்டு மாசமா இன்சார்ஜ் மணி சாராண்ட எழுதிக் குடுத்துக்கினு கீறேன்."

வழக்கமாக டேப்பை அழுத்தினால்தான் எடிட்டர் பரிந்துரையை ஏற்றுக்கொள்ளும். டேப் இல்லை. என்டரை அழுத்தினாலும் ஏற்றுக்கொள் என்று மாற்றினேன். கம்ப்யூட்டரில் ஷிப்டுக்கு ஷிப்ட் அவரவர் பெயரில் நுழைவோம், ஆனால் எடிட்டர் மட்டும் எப்போதும் என் கணக்கில் இருந்தது. என் சுருக்கங்களெல்லாம் அதில் இருந்ததால் அதுதான் சுலபம். மணி ஆறு இருபத்து நாலு. வெளியே ஹாரன் அடித்தபடி காத்திருந்தது கம்பெனி பஸ்ஸர்

(இரண்டாவது முறை. பஸ். பஸ் மட்டும்தான் காத்திருந்தது.)

என்டருக்கு ஏற்கெனவே ஒரு வேலை உண்டு. வரியை முடித்து அடுத்த வரிக்குப் போவது. பட்டியல் திறந்திருக்கும்போது அதை அழுத்தினால், முடிக்க அழுத்தினோமா ஏற்க அழுத்தினோமா என்று எடிட்டருக்குத் தெரியாது. ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் நான் வரி முடிந்ததும் எஸ்கேப் தட்டிப் பட்டியலை மூடிவிட்டுத்தான் என்டர் தட்டுவேன். எனக்கு அது பழக்கம். அவளிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். மறக்கவில்லை. சொல்ல இன்னும் ஒரு நிமிடம் ஆகும் என்று நினைத்தேன், எழுந்துவிட்டேன். ஆக, நான் அவளுக்குச் செய்து கொடுத்தது ஐந்து நிமிட வேலைநீக்கம்

3

வியாழக்கிழமை. பகல் பதினொன்று முப்பத்தெட்டு. ஜெனிபர் டை மாற்றி முடித்து, கர்ட்டனை மறுபடி போட்டு, ஓட்டுவதற்கான புரோகிராமை எழுதினாள். கடைசி வரி "ரன்". எண்ணெய் படிந்த பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் திரையில் அந்த வார்த்தைக்குக் கீழே பட்டியல் திறந்தது. முதலில் "ரன்செட்". அவள் வரியை முடிக்க என்டர் தட்டினாள். பதினோரு வரிகள் விழுந்தன. திரையின் அடிப்பக்கத்தில் விழுந்ததால் இரண்டோ மூன்றோதான் தெரிந்திருக்கும். செவ்வாயும் புதனும்கூட இப்படி விழுந்திருக்கலாம், யாரும் கையை விடாததால் தெரிந்திருக்காது. சேமித்தாள். கையைத் தூக்கிக் காட்டினாள். பிரஸ் ஓட ஆரம்பித்தது.

ஆபரேட்டர் சின்னதுரை. இருபத்திரண்டு வருடம் பிரஸ்ஸில் நின்றவர். பதினொன்று நாற்பதுக்கு ஒரு துண்டுத் தகடு டையில் சிக்கியது. அதை எடுக்கக் கையை விட்டார். கை உள்ளே போனால் பிரஸ் நிற்கும் என்பது அவருக்கு நம்பிக்கை இல்லை, அனுபவம். பஸ்ஸர் அலறவில்லை.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

நான் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். சம்பவ இடத்தில் இல்லாதது எனக்கு வசதி. படிவத்திலும் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது.

4

வெள்ளி மத்தியானம் ஜெனிபர் போன் செய்தாள்.

இந்த இடத்தில் அவளை நல்லவளாக்கத் தோன்றுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. என் டிபன் டப்பாவைக் கேட்காமல் திறப்பாள். மெஷினைத் துடைக்கும் முறை வந்தால் தலைவலி என்பாள். ஒருமுறை தன் தவறை ஒரு டிரெய்னி மேல் தள்ளிவிட்டிருக்கிறாள். அவள் பொய் சொல்லக்கூடியவள் என்பது பிரஸ் ஷாப் முழுக்கத் தெரியும். இப்போது உண்மை சொல்கிறாள். யாரும் நம்பவில்லை.

"அண்ணா, தூங்கிக்கினு இருந்தியா?"

"இல்ல, சொல்லு."

"நான் அத்த டைப் பண்ணலணா. என் ஷிப்டு, என் பேருல சேவ் ஆயிக்கீதுன்னு காட்றாங்கோ. நான் ரன்னு போட்டு என்டர் அடிச்சேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீ கம்ப்யூட்டரு தெரிஞ்சவன். தானா எழுதிக்குமா அது? தானா எழுதிச்சுன்னு சொன்னா என்னைய லூசுன்றாங்கோ. மணி சாரு சிரிக்கிறாரு."

"பாக்கலாம்."

"இன்னாத்த பாக்குற? போலீஸ்ல வேற குடுப்பேன்றாங்கோ. எங்கம்மா நேத்துலேந்து சோறு துன்னல. நீ ஒண்ணும் எனக்காக சண்ட போட வாணாம். நான் லூசு இல்லன்னு மட்டும் சொல்லு, போதும்."

"நீ லூசு இல்ல."

"என்னாண்ட இல்லணா. அவங்களாண்ட."

அவளுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்பட்டு, மறுத்து, அந்த மறுப்பைப் பிடித்துக்கொண்டே படிவத்தை நிரப்பியிருப்பேன்.

5

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் மணி சார் என்கிற மணிகண்டன் உட்கார்ந்திருந்தார். ஷிப்ட் இன்சார்ஜ். அந்த நேரத்தில் அவருக்கு அங்கே வேலை இல்லை.

"வா நைனா. நாஷ்டா துன்னியா?"

"ஆச்சு சார்."

"அந்தப் படிவம் வந்துச்சுல்ல? நாலு லைன் எழுது. நான் நைட் ஷிப்டு, சம்பவ நேரத்துல இல்ல. உண்மதான அது?"

"உண்மதான் சார்."

"பின்ன இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சுக்கினு கீற? உன்னைய கான்ட்ராக்டுலேந்து கம்பெனி ரோலுக்கு, பர்மனென்டா மாத்தச் சொல்லி பேப்பர் மேல போயிக்கீது. நான்தான் தள்ளினேன். இந்த நேரத்துல பேஜாரு பண்ணிக்காத."

"அந்தக் கம்ப்யூட்டரு எங்க சார்?"

"எச்.ஆர். ரூம்ல பூட்டிக்கீது. திங்கக்கெழம விசாரணை முடிஞ்சதும் ஐ.டி.காரன் மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுருவான்." டீயை ஊதினார். "கீபோர்டும் புதுசு."

கீபோர்டு என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.*

* மணிகண்டனை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். அழித்துவிட்டேன். புதுக் கீபோர்டு கேட்ட ஜெனிபரின் கடிதத்தை அவர் மேலே அனுப்பியிருக்கிறார். அது இன்னொருவர் மேசையில் கிடந்திருக்கிறது. அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் கதை நன்றாக வரும். வேண்டாம்.

இப்போது அந்த எச்சரிக்கைக்கான காரணம். இந்தக் கதையை எழுதும் லேப்டாப்பும் அந்தக் கம்ப்யூட்டரும் ஒரே கணக்கில் இருக்கின்றன. அமைப்புகள் இரண்டுக்கும் பொது. நான் மாற்றிய ஒற்றை வரியும், செவ்வாய் ஆறு இருபத்து நாலு என்ற நேரமும் இங்கேயும் இருக்கின்றன. அங்கே அழித்த பிறகு இங்கே மட்டும்தான் இருக்கும். ஒரே ஒரு டிக்கை எடுத்தால் இங்கேயும் இருக்காது. வார்த்தைகள் நுழைந்து தொல்லை தருகின்றன, அதனால் எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். நியாயமாகக்கூட இருக்கும்.

செல்போனில் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. விஷயம் தெரிந்தவன், அதை அமைத்தவன், விழிப்பாக உட்கார்ந்து எழுதுகிறவன், அவனுடைய விரல் எத்தனை முறை ஏமாறும்? முற்றுப்புள்ளி வைத்தால் பட்டியல் மூடிக்கொள்ளும். தமிழில் எழுதும்போது புள்ளி என்னைக் காப்பாற்றுகிறது. அவள் எழுதியதில் வரி முடிவில் புள்ளி கிடையாது.

6

இன்று காலை சின்னதுரையைப் பார்க்கப் போனேன். ஊத்துக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அடிபட்டவரைக் காட்டினால் எழுதுகிறவனுக்கு இரக்கம் கிடைத்துவிடும். ஆனால் அங்கே நடந்தது இரக்கம் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வலது கை முழுக்கக் கட்டு. அவர் மனைவி ரோசம்மாள் என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"வாப்பா, நல்ல நேரத்துல வந்த. இந்தப் போன கொஞ்சம் பாரு. அவரு வெரல வெச்சாத்தான் தொறக்கும். அந்த வெரலு..." நிறுத்திக்கொண்டார்.

"நம்பரு தெரியுண்டா," என்றார் சின்னதுரை. "எடது கையால தட்டறதுக்குள்ள வெளக்கு அணைஞ்சிடுது. அந்தப் பொண்ணு ஜெனிபரு மூணு வாட்டி கூப்ட்டுக்கீது. திரும்பப் போட முடியல."

"போட்டு இன்னா பேசப் போற?" என்றார் ரோசம்மாள்.

"இன்னாத்துக்குமா அந்த லைன எழுதுனன்னு கேப்பேன். நான் உன்ன இன்னா பண்ணேன்னு கேப்பேன்." என்னைப் பார்த்தார். "அதுக்குக் கூட பதில் சொல்லலன்னா எப்டி? யாரோ ஒருத்தர் எழுதித்தான கீறாங்க?"

போனை வாங்கி, அவர் சொன்ன நம்பரைத் தட்டினேன். பழைய விரல்ரேகையை நீக்கவா என்று போன் கேட்டது. நீக்கினேன். இடது கட்டைவிரலைப் பிடித்து வைத்தேன். தூக்கு, வை, தூக்கு, வை. விரல் சூடாக இருந்தது. திறந்தது.

"பாத்தியா," என்றார் மனைவியிடம். "கம்ப்யூட்டரு தெரிஞ்ச ஆளு. அஞ்சு நிமிச வேல."

நான் வாசலுக்கு வரும் முன்பே அவர் ஜெனிபருக்குப் போட்டுவிட்டார். முதலில் அவர் குரல் உயர்ந்தது. பிறகு போனுக்குள்ளிருந்து அவள் அழுவது கேட்டது. நான் செருப்பை மாட்டினேன்.

7

மணி மூன்றே முக்கால். மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன்.

இரண்டு முறை என்டர் என்னை ஏமாற்றியது, இரண்டையும் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். மூன்று. இரண்டாம் பகுதியின் கடைசி வரியைப் பாருங்கள். "ஐந்து நிமிட வேலை" என்று முடித்ததாகத்தான் என் ஞாபகம். திரையில் என் கண் முன்னால் வேறு வார்த்தை விழுந்திருக்கிறது. அதைத் தாண்டி நான்கு பகுதிகள் எழுதியிருக்கிறேன். நீங்கள் அப்போதே கவனித்திருப்பீர்கள், அல்லது என் எழுத்து அப்படித்தான் என்று விட்டிருப்பீர்கள். நான் கவனிக்கவில்லை. எனக்கு உறை போட்ட திரை இல்லை, கையில் கிளவுஸ் இல்லை, பக்கத்தில் பிரஸ் இல்லை.

ஜெனிபருக்காக யாராவது சாட்சி சொல்ல முடியுமென்றால் அந்த வரிதான் சாட்சி. அதனால் திருத்தவில்லை.

முடிவுகள்.

முதல் முடிவு: நாலு வரி எழுதிக் கொடுக்கிறேன். நான் நைட் ஷிப்ட், இல்லை. ரோலில் வந்துவிடுகிறேன். ஜெனிபர் காக்களூரில் ஏதோ ஒரு சின்னக் கம்பெனியில் சேர்கிறாள். அவர்கள் இங்கே போன் செய்து விசாரிக்கும் வரை வேலை செய்கிறாள். சுலபமான முடிவு. இதில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் முடிவு: லேப்டாப்போடு போகிறேன். எச்.ஆர். முன்னால் "ரன்" தட்டி என்டர் அழுத்துகிறேன். பதினோரு வரி விழுகிறது. அறை அமைதியாகிறது. "அப்ப நீதான் எழுதினியா?" "ஆமா." இதில் நான் நன்றாகத் தெரிகிறேன். அதனாலேயே இதன் மேல் சந்தேகமாக இருக்கிறது. அறை அமைதியாகாது. அழுத்தியது அவள், வைத்தது நீ, இரண்டு பேரும் போங்கள் என்பார்கள். சின்னதுரைக்கு ஒன்றுக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள். ஆனால் அவள் லூசு இல்லை என்பது காகிதத்தில் இருக்கும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மூன்றாம் முடிவு: ஜெனிபர் தானாகவே கண்டுபிடித்து என் வீட்டு வாசலில்... இல்லை. என் வேலையையும் அவள் தலையிலேயே கட்டுகிறேன். நிறுத்துகிறேன்.

8

படிவத்தை இந்த எடிட்டரிலேயே திறந்தேன். கடைசிக் கட்டம்: காரணமானவர்.

"ஜெ" என்று தட்டிப் பார்த்தேன். ஓர் எழுத்திலேயே "ஜெனிபர்" முதலில் வந்து நின்றது. இத்தனை முறை எழுதியிருக்கிறேன், வராமல் என்ன? எழுத எழுத அவள் பெயர் மேலே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. என்டர் தட்டினால் போதும்.

அழித்தேன். "அ" தட்டினேன். அவள், அண்ணா, அன்று, அழித்தேன், அவ்வளவுதான். என் பெயர் இல்லை. இத்தனை பக்கத்தில் ஒருமுறைகூட நான் அதை எழுதவில்லை. அண்ணா என்றார்கள், நைனா என்றார்கள், கம்ப்யூட்டரு தெரிஞ்ச ஆளு என்றார்கள். நான் அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எழுதாத பெயரை எடிட்டர் நீட்டாது.

ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன்.

அன்புராஜ்.

புள்ளி வைத்தேன். பட்டியல் மூடிக்கொண்டது. மறுபடி "அ" தட்டிப் பார்த்தேன். இப்போது நானும் பட்டியலில் இருக்கிறேன். கடைசியில்.

இதுவரைக்கும்தான் நடந்தது. நாளை பத்து மணி இன்னும் வரவில்லை. வந்த பிறகு எழுதுவதாக எனக்கு எண்ணமும் இல்லை. எழுதியது வேறு, கொடுத்தது வேறு. அழிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. என்னை எனக்குத் தெரியும், எழுந்து பஸ்ஸுக்கு ஓடியவன் நான்.

இதை எங்கே வைத்துப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கங்களின் இடது ஓரத்தைப் பாருங்கள். ஃபைலில் கோர்க்கப் போடும் இரண்டு துளைகள் இருக்கின்றனவா? இருந்தால் இதைப் படிவத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். மேலே முத்திரை இருக்கும், தேதி இருக்கும்.

துளை இல்லையென்றால் நீங்கள் படித்தது ஒரு கதை. நன்றாகக்கூட இருந்திருக்கலாம். ஜெனிபருக்கு அதனால் ஒன்றுமில்லை.